கல்லைச் சுற்றிப் போன கால்

வெளியூர்க் களத்தில் கம்பு பிடிக்கப் போகிறவனுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. செருப்பை வெளியே விட வேண்டும். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நுழையக்கூடாது. வாசலிலேயே படுக்கப் போட்டுவிட்டு, அங்குள்ள வாத்தியார் எடுக்கச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். அவருடைய பிள்ளைகள் தப்பாகச் சுற்றினாலும் வாயைத் திறக்கக்கூடாது. ஆடச் சொன்னால் முதலில் உன் வாத்தியாருடைய சலாம் வரிசையைப் போட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் மண்ணுக்கும் நான்கு திசைக்கும் குருவுக்கும் கம்போடு வைக்கும் வணக்கம் அது. ஒவ்வொரு வாத்தியார் வழிக்கும் ஒரு சலாம். அதைப் பார்த்தே வந்தவன் யாருடைய ஆள் என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஓர் அடி சேர்க்கவும் கூடாது, ஓர் அடி குறைக்கவும் கூடாது.

இவ்வளவையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவருடைய பெயர் எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு போர்வெல் லாரி, செங்கல் சூளை, கோழிப்பண்ணை என்று போய், பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மண் சுமக்கச் சேர்ந்தேன். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. அங்கே காவலுக்கு இருந்தவரை எல்லோரும் வாட்ச்மேன் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். இடது காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்பு. பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரி இருந்தாலும் ஊரைக் கேட்டால் கையை வடக்கும் தெற்குமாக ஆட்டிவிடுவார். விடியும் நேரத்தில், மணல் கொட்டியிருந்த காலி இடத்தில் தனியாகக் கம்பு சுற்றுவார். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் சாரத்துச் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து என் பக்கம் போட்டார். கட்டடம் எட்டாவது மாடி ஏறும்வரை பழகினேன்.

அவருடைய சலாமில் ஓர் இடம் எனக்குப் புரியவே இல்லை. நான்கு திசையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, தென்மேற்கு மூலையில் இடது கால் நேராக வராமல் அரைவட்டம் போட்டு விலகி, மறுபடி கோட்டுக்கு வரும். அடிக்கவும் அல்ல, தடுக்கவும் அல்ல. அதனால் ஒரு பயனும் கிடையாது.

எதற்கு என்று கேட்டேன்.

“அங்க ஒன்னு இருக்குது. மிதிக்காத” என்றார்.

அங்கே வெறும் மணல்தான் இருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கப் போகும்போதுகூட அந்த இடத்தை விலகியே நடந்தேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் பழகிவிட்டது.

மண் சுமக்கும் வேலை அங்கே முடிந்தபோது நான் கிளம்பினேன்; அவர் கேட்டிலேயே இருந்தார். போகும் இடத்தில் களம் இருந்தால் எட்டிப் பார்ப்பேன். ஓசூரில், திருப்பத்தூரில், இன்னும் சில ஊர்களில் அந்தச் சலாமைப் போட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் அந்த அரைவட்டம் வரும்போது யாராவது ஒருவர் வாயைப் பொத்திக்கொள்வார். “என்னாங்க, சாணி கீணி கெடந்துதா?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் குறைக்கவில்லை.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சமயம். கூட லோடு ஏற்றியவன் ஒருவன், பென்னாகரத்திலிருந்து உள்ளே போகும் கிராமத்துக்காரன், நான் கொட்டகைக்குப் பின்னால் கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “எங்கூருக்கு வாங்கண்ணா, எங்க மாஸ்டருகிட்ட கூட்டிக்கினு போறேன். ஞாயித்துக்கெழம காலையில கிளாஸ்” என்றான். மார்கழி மாதம். விடிவதற்குள் அவன் பைக்கில் கிளம்பினோம். போகும் வழியில் டீ குடிக்க நின்றபோது சொன்னான்.

“மாஸ்டரு தங்கமானவருங்கண்ணா. ஆனா ஒன்னு மட்டும் கேட்டுடாதீங்க.”

“என்ன?”

“நீங்க ஏன் யாருகூடவும் ஜோடி போட்டு ஆடமாட்டேங்கறீங்கன்னு.”

பிறகு அவனே முழுவதையும் சொன்னான். மாஸ்டரும் இன்னொருவரும் ஒரே வாத்தியாரிடம் பழகியவர்கள். அந்த இன்னொருவர் மூத்தவர், மாஸ்டர் இளையவர். வாத்தியார் இறந்த பிறகு களம் மூத்தவர் கைக்கு வந்தது. அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஜோடி ஆட்டம் முடிந்ததும், அடி வாங்கியவன் தன் கம்பு நுனியால் அடித்தவனின் கம்பு நுனியைத் தொட வேண்டும். தொட்டால் மனதில் ஒன்றும் இல்லை என்று பொருள். தொடாதவரை ஆட்டம் முடியவில்லை. ஒரு மாரியம்மன் திருவிழாவில் இளையவர் கம்பு மூத்தவரின் தலையில் இறங்கிவிட்டது. ரத்தம். மூத்தவர் துண்டால் துடைத்துக்கொண்டார். இளையவர் கம்பை நீட்டிக்கொண்டு நின்றார். மூத்தவர் தொடவில்லை. கம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

“காட்டுல தேடனாங்க. ஆத்துல பரிசல் போட்டுத் தேடனாங்க. ஒன்னுங் கெடைக்கல. மூணாம் வருசம் அவங்க அக்கா காரியம் பண்ணிட்டாங்க. போலீசும் கூப்புட்டு விசாரிச்சு வுட்டுடுச்சி. ஆனா ஊரு வுடுமா? அடிச்சிக் கொன்னு ஆத்துல தள்ளிட்டான்னு இன்னமும் சில பேரு சொல்றாங்க.”

“அவர் என்ன சொல்றார்?”

“அவருக்கே தெரியாதுண்ணா. தன் அடி பட்டுத்தான் எங்கயோ போயி உழுந்து செத்தாரா, இல்ல உசுரோட இருக்காரா. அது ஒன்னு தெரிஞ்சா போதும் மனுசனுக்கு. அது தெரியாமத்தான் இப்பிடி ஆயிட்டாரு.”

டீயை ஊதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மண்டையில் தழும்பு உள்ளவர்களோடுதான் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கட்டடவேலையில் அது இல்லாதவன் குறைவு.

களம் ஊருக்கு வெளியே, கேழ்வரகு அறுத்த கொல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் புளியமரங்கள். பனி இறங்கி, மரங்கள் இடுப்புக்கு மேலே இல்லாதவை போல நின்றன. பெயர் அச்சடித்த பனியன் போட்ட பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, வரிசை வரிசையாகக் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பு காற்றை அறுக்கும் சத்தம் மட்டும் முதலில் வந்தது; ஆட்கள் பிறகுதான் தெரிந்தார்கள். ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கல் ஒன்று, மஞ்சள் பூசி, எண்ணெய் படிந்து, முன்னால் அகல் விளக்கோடு. எங்கள் பக்கத்தில் கொல்லைக்குக் கொல்லை நடுகல் உண்டு. அதனால் அதை இரண்டாவது முறை பார்க்கவில்லை.

செருப்பை விட்டேன். கம்பை வாசலில் கிடத்தினேன். மாஸ்டர் வந்தார். நான் நினைத்திருந்த அளவுக்கு வயதில்லை. தலை மட்டும் முழுக்க வெளுத்திருந்தது. என் கம்பைப் பார்த்தார், கிடத்தியிருந்த விதத்தைப் பார்த்தார்.

“எடுங்க” என்றார். “யாருகிட்ட பழகினீங்க?”

“பேர் தெரியாதுங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கையைத் தூக்கியதும் நின்றது.

“சோறு போட்டவங்க பேரு தெரியாம இருக்கலாம். கம்பு குடுத்தவன் பேரு தெரியாம இருக்கலாமா?” என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகவே கேட்டார். “சரி வுடுங்க. சலாம் போடுங்க, அது சொல்லும்.”

நுழைவிலிருந்து கிழக்கு பார்த்து ஆரம்பித்தேன். சலாம் போடும்போது கண் தரைக்குப் போகக்கூடாது. எதிரே பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். மண்ணைத் தொட்டு, நான்கு திசை கும்பிட்டுத் திரும்பினேன். அந்த இடம் வந்தது. இடது கால் அரைவட்டம் போட்டது. கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டு வழுக்கியது. முடித்துவிட்டுக் கம்பை இறக்கியபோதுதான், களத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். என் கால் போட்ட அரைவட்டத்துக்குள், அளந்து வைத்தது போல, அந்தக் கல் இருந்தது. என் கணுக்காலில் அதன் எண்ணெய்.

மாஸ்டர் கல்லைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ.”

போட்டேன். கால் கல்லைச் சுற்றிப் போனது.

“கண்ணக் கட்டுடா” என்றார், என்னைக் கூட்டி வந்த நண்பனிடம். அவன் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினான். இருட்டுக்குள் சலாம் போட்டேன். கல்லில் இடித்துக்கொள்ளக்கூடாதே என்று எனக்கு இருந்த பயம் காலுக்கு இல்லை. அது தன் வழியில் போய் வந்தது. துண்டை அவிழ்ப்பதற்குள் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. யாரோ ஊருக்குள் ஓடினார்கள்.

மாஸ்டர் தன் இடது காதுக்கு மேலே விரலை வைத்தார். “இங்கயா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “ஆமாங்க. விரல் நீளம். முடி முளைக்கல” என்றேன். பெங்களூர்க் கட்டடத்தையும் வாட்ச்மேனையும் பற்றிச் சொன்னேன்.

அவர் புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

“எங்க வாத்தியாரு சலாத்துல இந்தச் சுத்து கெடையாதுங்க. மத்ததெல்லாம் எங்களது. இந்த எடத்துல நாங்க நேராத்தான் வருவோம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தக் கல்லு அவரு போனதுக்கப்பறம் நான் நட்டது. காரியம் பண்ணாங்களே, அன்னிக்கி. அவரு இங்க இருந்த வரைக்கும் இந்த எடம் வெறும் தரை.”

பனிக்குள் நின்றபடி அதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர் இங்கே பார்க்காத கல்லை, அங்கே மணலில் எனக்குக் காட்டாமல் காட்டி, மிதிக்காதே என்றிருக்கிறார். முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனால் பசியும் குளிரும் பழகிய உடம்புக்குப் பயத்தை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது சுலபம்.

“எப்பவோ ஒரு தடவை வந்து பார்த்திருப்பாருங்க” என்றேன். “விடியறதுக்கு முன்னாடி, ரோட்டுல நின்னே பார்த்திருப்பாரு. தனக்குக் கல் நட்டு விளக்கு வெச்சிருக்கறதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருப்பாரு.”

“தன் கல்லத் தானே மிதிக்கக்கூடாதுன்னு சலாத்தயே மாத்திக்கிட்டாரா?”

“இருக்கலாம்.”

“வந்தவரு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?” என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

இதற்குள் ஊரிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தது மூத்தவரின் அக்கா. ஒடிசலான உடம்பு, கையில் மூடிய பாத்திரம். அந்தக் கல்லுக்கு அன்றாடம் விளக்கு வைப்பது அந்த அம்மாதான் என்று நண்பன் காதில் சொன்னான். நேராக என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சாப்ட்டியாடா?”

நான் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன்.

“பசியோட போனவன்தான. உக்காரு” என்று பாத்திரத்தைத் திறந்தார். சூடான களி, கொள்ளுச் சாறு. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிடவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊரே சுற்றி நின்று பார்த்தது. சாப்பாட்டில் கை வைத்த பிறகு வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படும் வழக்கம் எனக்கு இல்லை.

“பாத்தீங்களா, அவனும் இப்பிடித்தான் மெல்லாம முழுங்குவான்” என்றார் அக்கா.

“களிய எல்லாருமே முழுங்கத்தான் செய்வாங்க. மென்னா பல்லுலதான் ஒட்டும்” என்றான் நண்பன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“எங்கடா கெடக்கற?” என்று என் காலிடம் கேட்டார் அக்கா. “எடத்தச் சொல்லு. வந்து எடுத்துக்கறோம்.”

எலும்பைக் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. “அக்கா, நான் அவர் இல்லீங்க” என்றேன். “அவர் உயிரோட இருக்கறாரு. நான் அவரோட ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிட்டிருக்கேன்.”

“உப்புப் போட்டுச் சாப்ட்டானா?”

ஆவி உப்பைத் தொடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். யோசித்தேன். அவர் உப்புப் போட்டதை நான் பார்த்த ஞாபகம் வரவில்லை. சோறு ஒன்றாகத்தான் வடிப்போம், குழம்பு அவரவருடையது.

“போட்டோ இருக்குதா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். இல்லை. அவரிடம் போன் இருந்ததா? இல்லை. அவரை வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? அந்தக் கட்டடத்தில் நாங்கள் நாற்பது ஊர்க்காரர்கள். ஒருவன் போனான் என்றால் அடுத்த வாரம் அவன் முகம் மறந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் இல்லை என்பதே பதிலாக இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே வாட்ச்மேனின் முகம் ஓரங்களில் கரைவது போல இருந்தது. அவர் பகலில் கம்பு தொட்டு நான் பார்த்திருக்கிறேனா? விடியும் நேரத்தில் மட்டும்தான். வேறு யாராவது அவர் ஆடியதைப் பார்த்தார்களா?

“ஆவிதான் சொல்லிக் குடுத்திருக்குது” என்றார் ஒருவர்.

“ஆவிக்கு எந்த மேஸ்திரி சனிக்கெழம சம்பளம் குடுக்கறான், சொல்லுங்க பாப்போம்?” என்றான் நண்பன். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஆமாம், சம்பளம் வாங்கினார். வரிசையில் எனக்கு முன்னால் நின்று வாங்கினார். அவருடைய பிடரியில் வேர்க்குரு இருந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

அக்கா பாத்திரத்தை மூடினார். “உசுரோட இருக்கறவன் என்னப் பாக்க வராம இருப்பானா? இந்த மண்ணு வரைக்கும் வந்தவன் எங்கூட்டு வாசப்படி ஏறாம போவானா? செத்தவனுக்குத்தான் வூடு மறக்கும்.”

அந்த அம்மாவுக்கு அவர் இறந்திருப்பதுதான் தாங்கக்கூடியது என்று தெரிந்தது. மாஸ்டருக்கோ நேர் எதிர். இரண்டு பேருக்கும் நடுவில் எண்ணெய் பட்ட காலோடு நான் நின்றேன்.

மாஸ்டர் புளியமரத்திலிருந்து கையை எடுத்தார். இப்போது என்னிடம் வந்தார்.

“ஒன்னு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. கல்லச் சுத்தி வந்தப்பறம், கம்பு நுனிய நீட்டி ஒரு தொடு இருக்குதுங்களா? லேசா. தட்டற மாதிரி.”

“இல்லீங்க.”

“மறந்திருப்பீங்க.”

“இல்லீங்க. சுத்தி வந்ததும் நேரா கோட்டுக்கு வந்துடுவோம்.”

“ஒருக்கா அவரு தொட்டு, நீங்க கவனிக்காம வுட்டிருக்கலாமில்ல?”

அவர் கெஞ்சுகிறார் என்று புரிந்தது. தன் பிள்ளைகளுக்கு முன்னால், வழிப்போக்கனான என்னிடம். நண்பன் என் முழங்கையைக் கிள்ளினான். “ஆமான்னு சொல்லிடுங்களேண்ணா. உங்களுக்கு என்னா கொறஞ்சிடப்போவுது?”

உண்மையில் எனக்கு ஒன்றும் குறையாது. அந்த மனிதர் இத்தனை வருடம் தூக்கிய பாரம் இறங்கும். சொல்லியிருப்பேன். வேலைக்காக எத்தனையோ இடத்தில் எத்தனையோ பொய் சொன்னவன் நான். ஆனால் நான் வந்தது சலாமோடு. அந்தக் களத்தில் நான் என்று ஒருவன் கிடையாது, எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இருக்கிறார். அவர் தொடாததைத் தொட்டார் என்று சொல்ல நான் யார்?

“தொடு கிடையாதுங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு வேலியோரம் சார்த்தியிருந்த தன் கம்பை எடுத்தார். கல்லுக்கு முன்னால் போய், அதை மறைத்துக்கொண்டு நின்றார். கம்பை முன்னால் நீட்டி நுனியைத் தணித்துப் பிடித்தார். அடித்தவன் நிற்க வேண்டிய நிலை அது. கண்ணை மூடிக்கொண்டார்.

“போடுங்க.”

பனி விலகி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் களத்தில் குளிர் அடித்தது. ஆரம்பித்தேன். மண், கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. திரும்பினேன். எதிரே அவர் நீட்டிய கம்பு ஆடாமல் இருந்தது. நுனி மட்டும், பசித்த குழந்தையின் வாய் மாதிரி, மெல்லத் திறந்து திறந்து மூடுவது போல எனக்குப் பட்டது. என் கம்பு அதற்கு ஒரு விரல்கடை தூரத்தில் போனது. அந்த இடத்தில் என் கையை யாரோ மணிக்கட்டில் பிடித்து இழுப்பதாக உணர்ந்தேன். எந்தப் பக்கம் இழுத்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தொடும் பக்கமா, விலகும் பக்கமா. கால் அரைவட்டம் போட்டது, அவரைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வந்தது. முடித்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “தொடல” என்றார்.

“இல்லீங்க.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அழுகிறார் என்றே நினைத்தேன். பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை என்று நண்பன் பிறகு சொன்னான்.

“அக்கா” என்று கூப்பிட்டார். “செத்தவனா இருந்தா வந்த காரியத்த முடிச்சிட்டுப் போவானா மாட்டானா? நான் கம்ப நீட்டிக்கினு நிக்கறேன், தொட்டுட்டுப் போயிருக்கணுமில்ல? தொடலக்கா. இன்னமும் எம்மேல கோவமா இருக்கறாரு. இத்தன வருசம் ஒருத்தன் கோவத்த வெச்சிக்கணும்னா சோறு தின்னாத்தான் முடியும்.”

அக்கா அவரைத் தாண்டிப் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, காற்றில் அணைந்திருந்த அகலை மறுபடி ஏற்றினார். கூட்டத்தில் சிலர் கும்பிட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அந்த விளக்கு எரிகிறது என்று நினைத்தபோது, ஆவி என்று அவர்கள் சொன்னதைவிட அதுதான் எனக்கு அதிகம் சங்கடமாக இருந்தது.

மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையோடு வந்தார். கிளாஸைப் பெரிய பெண்ணொருத்தியிடம் ஒப்படைத்தார்.

“எந்த எடம்னு காட்டுங்க.”

“கட்டடம் முடிஞ்சிருக்கும்ங்க. அவர் அங்கேயே இருப்பாருன்னு சொல்ல முடியாது. கேட் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

“கேட் வரைக்கும் காட்டுனா போதும். அங்கருந்து நான் கேட்டுக்கறேன்.”

பாலக்கோட்டில் எனக்கு மறுநாள் லோடு இருந்தது. போகவில்லை. பென்னாகரத்தில் பஸ் ஏறினோம். அவர் கம்பையும் கொண்டு வந்திருந்தார். “இத எங்க வெச்சிக்கப் போறீங்க, யாரு கண்ணயாவது குத்திடப் போவுது” என்று கண்டக்டர் கத்தினார். அவர் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் போட்டுக் காலால் அணைத்துக்கொண்டார்.

தருமபுரியில் பஸ் மாறியதும் கேட்க ஆரம்பித்தார்.

“பல்லெல்லாம் இருக்குதா அவருக்கு?”

“கடவாயில ரெண்டு இல்லைங்க.”

“பீடி?”

“வெத்தலைதான்.”

“அப்ப வுட்டுட்டாரு. எங்க வாத்தியாரு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, வுடல” என்றார். மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்தார். “தூக்கத்துல பொலம்புவாரே?”

“புலம்புவாருங்க. கன்னடம் கலந்து வரும். ஒன்னும் புரியாது.”

“எம்பேரு வருமா?”

“அவர் பேரே எனக்குத் தெரியாதேங்க. உங்க பேர் வந்திருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?”

“அதுவுஞ் சரிதான்” என்றார்.

ஓசூர் தாண்டியதும் கேள்வி நின்றது. தூங்கிவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்கள், ஒன்று போனால் இன்னொன்று. ஒவ்வொன்றின் கேட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. சிலவற்றில் ஆள் இருந்தான். பஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும், ஒரு நாற்காலி விடாமல் அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.